சிறுவாடும் சில சிரிப்புகளும்

1

எங்கள் பக்கத்தில் ‘சிறுவாடு’ என்று ஒரு சொல் உண்டு. வீட்டுச் செலவுக்கு வரும் காசில் பெண்கள் யாருக்கும் தெரியாமல் ஒதுக்கிவைக்கும் பணம் அது. அரிசிப் பானைக்குள்ளும், கடுகு டப்பாவின் அடியிலும், சாமி படத்துக்குப் பின்னாலும், கல்யாணப் பட்டின் மடிப்பிலும் அது இருக்கும். எல்லா வீட்டிலும் இருக்கும் என்பது எல்லா ஆண்களுக்கும் தெரியும். எங்கே, எவ்வளவு என்பதுதான் தெரியாது.

2016 நவம்பர் 8ஆம் தேதி இரவு 500, 1000 ரூபாய்த் தாள்கள் செல்லாது என்று பிரதமர் அறிவித்தார். அந்த வாரக் கடைசியில் நான் வள்ளியூர் வீட்டுக்குப் போயிருந்தபோது, அப்பா பேப்பர் வாங்கக் கடைக்குப் போன நேரம் பார்த்து அம்மா என்னை அடுக்களைக்குக் கூப்பிட்டாள். அரிசிப் பானைக்குள் கையை முழங்கை வரை விட்டு, மஞ்சள் பை ஒன்றை எடுத்தாள். அதற்குள் எழுபத்தேழு ஐந்நூறு ரூபாய்த் தாள்கள் இருந்தன. முப்பத்தெட்டாயிரத்து ஐந்நூறு ரூபாய்.

“ஏட்டி, இத ஒன் கணக்குல போட்டு மாத்திக் குடுத்திரு. அவியளுக்குத் தெரிய வேண்டாம்.”

தெரிந்துவிட்டது. அப்பா வாசலில் நின்றுகொண்டிருந்தார். அவர் கோபப்படவில்லை. சிரித்தார். கோபப்பட்டிருந்தால் அம்மா பதில் சொல்லியிருப்பாள். சிரிப்புக்கு என்ன பதில் சொல்வது? “நம்ம வீட்டுக்குள்ளேயே கறுப்புப் பணம் கெடக்கு. மோடிக்குப் போன் போட்டுச் சொல்லட்டா?” என்றார். மாலைக்குள் தெருவுக்கே அந்தக் கதை தெரிந்துவிட்டது. சித்தப்பா வந்து சிரித்தார், தம்பி போனில் சிரித்தான். நானும் சிரித்தேன்.

அம்மா மட்டும் அரிசிப் பானையை மூடியபடி ஒன்று சொன்னாள். “திருடல. மிச்சம் புடிச்சேன்.”

யாரும் அவளைத் திருடி என்று சொல்லவில்லை. ஆனாலும் அவள் அந்தச் சொல்லுக்குத்தான் பதில் சொன்னாள். நாங்கள் எல்லோரும் சிரித்த சிரிப்பில் அந்தச் சொல் இருந்தது அவளுக்குக் கேட்டிருக்கிறது.

தமிழ் சினிமாவில் குடும்பமும் திருட்டுப் பணமும் நகைச்சுவையும் சேரும் படங்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தச் சொல் கேட்கிறது. அப்படிப்பட்ட படங்கள் எனக்குப் பிடிக்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பிடிக்காத படங்களைப் பற்றி எழுதுவது சுலபம். பிடித்த படம் நம்மை எதற்குச் சிரிக்கவைத்தது என்று யோசிப்பதுதான் கஷ்டம். இந்தக் கட்டுரையில் அப்படி இரண்டு படங்களைப் பற்றிப் பேசப்போகிறேன். ஒன்று, 1972இல் வந்த ‘காசேதான் கடவுளடா’. இன்னொன்று, 2018இல் வந்த ‘கோலமாவு கோகிலா’.

2

‘காசேதான் கடவுளடா’வை நான் முதலில் பார்த்தது தொண்ணூறுகளின் தொடக்கத்தில், எங்கள் வளவில். கொடைக்கோ கல்யாணத்துக்கோ ‘டெக்’ வாடகைக்கு எடுத்து ஒரே ராத்திரியில் மூன்று படம் போடும் காலம் அது. தெருவே முற்றத்தில் பாய் விரித்து உட்கார்ந்திருக்கும். விடியற்காலையில் எல்லோருக்கும் தூக்கம் சொக்கும் நேரத்தில் நகைச்சுவைப் படம் போடுவார்கள். அன்று போட்டது இது.

ஏவி.எம். தயாரித்த இந்தப் படத்தை இயக்கியவர் சித்ராலயா கோபு. ‘காதலிக்க நேரமில்லை’யின் நகைச்சுவைக்குப் பின்னால் இருந்தவர். முத்துராமன், லட்சுமி, ஸ்ரீகாந்த், தேங்காய் சீனிவாசன், மனோரமா நடித்தார்கள். ஒரு பணக்கார வீடு. அந்த வீட்டின் பணப்பிடி முழுக்க மனோரமாவின் கையில். அவர் வீட்டுக்காரரின் இரண்டாம் தாரம், முத்துராமனுக்குச் சிற்றன்னை. காசு விஷயத்தில் கறார். இளைஞர்களுக்குப் பணம் வேண்டும், அவர் தரமாட்டார். எனவே சொந்த வீட்டிலேயே திருடத் திட்டம் போடுகிறார்கள். அந்த அம்மாவுக்குச் சாமியார்கள் மேல் பக்தி என்பதால், நண்பன் தேங்காய் சீனிவாசன் சாமியார் வேஷத்தில் வீட்டுக்குள் நுழைகிறார். அப்புறம் நடப்பதெல்லாம் கூத்து. தேங்காய் சீனிவாசனின் சாமியாரைப் பார்த்துச் சிரிக்காமல் இருக்க இன்றைக்கும் என்னால் முடியாது.

அந்த ராத்திரி எல்லோரும் சிரித்தோம். எங்களோடு சித்தியும் உட்கார்ந்திருந்தாள். அவள் சித்தப்பாவுக்கு இரண்டாம் தாரம். முதல் சித்தி இறந்த பிறகு, பத்து வயதுப் பையனும் வட்டிக்கடனும் இருந்த வீட்டுக்கு வாழ வந்தவள். சித்தப்பாவுக்குச் சீட்டாட்டம் உண்டு. சம்பளக் கவரை அவர் கையிலிருந்து வாங்கி, கடனை மாதாமாதம் அடைத்து, வீட்டை மீட்டவள் சித்திதான். அதற்காகவே சாவிக்கொத்தை இடுப்பை விட்டு இறக்கமாட்டாள். படம் பாதி ஓடும்போது கூட்டத்திலிருந்து யாரோ, “இது நம்ம வீட்டு மனோரமால்லா!” என்று சத்தம் போட்டார்கள். முற்றமே அதிர்ந்தது. சித்தியும் சிரித்தாள். அன்றிலிருந்து குடும்பத்தில் அவள் பெயர் அதுதான். அவள் பெட்டியிலிருந்து அண்ணன் பணம் எடுத்தது பின்னால் தெரியவந்தபோதும், எல்லோரும் சிரித்துவிட்டு, “மனோரமாகிட்டயே ஆட்டயப் போட்டுட்டானே!” என்று அவனைத் தட்டிக்கொடுத்தார்கள்.

பல ஆண்டுகள் கழித்துப் படத்தைத் திரும்பப் பார்த்தபோது எனக்கு ஒரு எளிய கேள்வி வந்தது. இந்தத் திருட்டு ஏன் நமக்கு உறுத்தவில்லை?

திருட்டு நகைச்சுவையாக வேண்டும் என்றால் முதலில் பணம் யாருடையது என்பதைக் கதை தீர்த்துவைக்க வேண்டும். பறிகொடுப்பவர் அந்தப் பணத்துக்குத் தகுதி இல்லாதவர் என்று பார்வையாளர் நம்ப வேண்டும். வங்கி, கள்ளக்கடத்தல்காரன், லஞ்சம் வாங்கும் அதிகாரி என்றால் வேலை சுலபம். இந்தப் படத்தில் பறிகொடுப்பது குடும்பத்தில் ஒரு பெண். அவளைத் தகுதியில்லாதவளாக்க மூன்று வேலைகள் நடக்கின்றன. முதலாவது, அவள் பெற்ற தாயாக இருக்கக்கூடாது, சிற்றன்னை ஆக்கியாகிவிட்டது. இரண்டாவது, அவளுடைய சிக்கனம் கஞ்சத்தனமாகத் தெரிய வேண்டும். மூன்றாவது, பணத்தில் அவ்வளவு கறாரான அவள், காவி உடுத்தியவன் முன்னால் புத்தியில்லாமல் விழ வேண்டும். இந்த மூன்றும் சேர்ந்ததும் அந்தப் பணம் உரிமையாளர் இல்லாத பணம் ஆகிவிடுகிறது. எடுத்துக்கொள்வது திருட்டாகத் தோன்றாது. மீட்பதாகத் தோன்றும்.

இதே பாத்திரத்தை ஆணாக்கிப் பாருங்கள். வீட்டு வரவு செலவைத் தன் கையில் வைத்திருக்கும் ஆண், செலவுக்குக் கணக்குக் கேட்கும் ஆண், பெட்டிச் சாவியை யாரிடமும் தராத ஆண். அவனுக்குத் தமிழில் ஒரு பெயர் உண்டு: குடும்பத் தலைவர். அவனை வைத்தும் நகைச்சுவை எடுத்திருக்கிறார்கள், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அவன் கையில் சாவி இருப்பதே ஒரு நகைச்சுவையாக ஒருபோதும் ஆனதில்லை.

மனோரமா இதைத் தெரிந்து நடித்திருக்கிறார் என்றுதான் நினைக்கிறேன். ஆயிரத்துக்கும் மேற்பட்ட படங்களில் நடித்த அந்தக் கலைஞர், எழுத்து தன்னைக் கேலிக்குரியவளாக்கும் இடத்திலும் உடம்பால் ஒரு நிமிர்வைக் காப்பாற்றுகிறார். பணத்தைப் பற்றிப் பேசும்போது அவர் குரலில் இருப்பது பேராசை என்று எனக்குத் தோன்றவில்லை. ஒரு நிர்வாகியின் குரல் அது. இந்த வீட்டில் நான் விட்டால் எல்லாம் போய்விடும் என்று தெரிந்தவளின் குரல். சித்தியின் குரல்.

2023இல் இந்தப் படத்தை இயக்குநர் ஆர்.கண்ணன் மீண்டும் எடுத்தார். மிர்ச்சி சிவா, பிரியா ஆனந்த், யோகி பாபு நடித்தார்கள். மனோரமாவின் இடத்தில் ஊர்வசி. ஐம்பத்தோரு ஆண்டுகளில் பெண்கள் சம்பாதிக்கத் தொடங்கி, சொத்தில் சம உரிமை பெற்று, ஊராட்சித் தலைவர்களாக ஆன பிறகும், பணத்தைக் கையில் வைத்திருக்கும் சிற்றன்னை என்ற வேடிக்கையை மாற்ற வேண்டிய அவசியம் யாருக்கும் தோன்றவில்லை. ஒரு கதையை மறுபடி எடுக்கும்போது எதை மாற்றுகிறார்கள் என்பதை விமர்சகர்கள் பட்டியல் போடுவோம். எதை மாற்றத் தோன்றவில்லை என்பதையும் பட்டியல் போட வேண்டும்.

3

இந்த வகைக் கதையில் எப்போதுமே பெண்தான் பறிகொடுக்க வேண்டும் என்று விதி இல்லை. 1955இல் இங்கிலாந்தில் அலெக்சாண்டர் மெக்கெண்ட்ரிக் எடுத்த ‘தி லேடிகில்லர்ஸ்’ என்ற படத்தை வகுப்பில் நான் அடிக்கடி சொல்வேன். ஒரு கிழவியின் வீட்டில் இசைக்குழு என்று பொய் சொல்லி ஒரு கொள்ளைக் கூட்டம் வாடகைக்கு இருக்கிறது. விஷயம் தெரிந்ததும் அவள் பணத்தைத் திருப்பிக் கொடுக்கச் சொல்கிறாள். அவளைக் கொல்ல ஒருவனாலும் முடியவில்லை. ஒருவரை ஒருவர் முடித்துக்கொள்கிறார்கள். பணம் கிழவி வீட்டிலேயே கிடக்கிறது. அவள் நேர்மையாகக் காவல் நிலையத்துக்குப் போய்ச் சொல்கிறாள். அங்கே யாரும் நம்பவில்லை. கிழவி ஏதோ உளறுகிறாள் என்று நினைத்து, நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவிடுகிறார்கள்.

மாணவிகள் இந்த முடிவைக் கேட்டுச் சந்தோஷப்படுவார்கள். அப்புறம் ஒருத்தி மெதுவாகக் கேட்பாள்: “அப்ப அவ சொன்னத யாருமே கேக்கலையா மேடம்?” அதுதான் விஷயம். அவளுக்குப் பணம் கிடைத்தது அவள் பேச்சுக்கு மதிப்பு இல்லாததால். 1972இன் சிற்றன்னை பணம் வைத்திருக்கத் தகுதியில்லாதவள். இந்தக் கிழவி பணம் வைத்திருந்தாலும் யாரும் பொருட்படுத்தாதவள். இரண்டு இடத்திலும் பெண்ணுக்கும் பணத்துக்கும் நடுவே உரிமை என்ற சொல் வரவில்லை.

4

அப்படியானால் பெண்ணே திட்டம் போட்டால்? அதைச் செய்து பார்த்த படம் ‘கோலமாவு கோகிலா’. 2018 ஆகஸ்ட்டில் வெளிவந்தது. நெல்சன் திலீப்குமாரின் முதல் படம். நயன்தாராவின் கோகிலா கீழ்நடுத்தரக் குடும்பத்து மூத்த பெண். சரண்யா பொன்வண்ணன் அம்மா, ஆர்.எஸ்.சிவாஜி அப்பா, ஜாக்குலின் தங்கை. கோகிலா ஒரு மசாஜ் நிலையத்தில் வேலை பார்க்கிறாள். சம்பள உயர்வு கேட்கிறாள். மேலாளன் அதற்கு அவள் உடம்பை விலையாகக் கேட்கிறான். வேலையை விடுகிறாள். அம்மாவுக்கு நுரையீரலில் புற்றுநோய் என்று தெரியவருகிறது. சிகிச்சைக்கு பதினைந்து லட்சம் வேண்டும். தற்செயலாகப் போதைப்பொருள் கும்பலோடு உரசும் கோகிலா, அதையே வேலையாக எடுத்துக்கொள்கிறாள். கடைசியில் மொத்தக் குடும்பமும் சரக்கோடு வேனில் ஏறுகிறது.

படம் வந்தபோது என் மாணவிகள் கொண்டாடினார்கள். கொண்டாடக் காரணமும் இருந்தது. நாயகன் இல்லாத படம். நீளப் பாவாடையும் சட்டையும் போட்டு, தலையைச் சற்றுக் குனிந்து, தாழ்ந்த குரலில் பேசும் ஒருத்தி, துப்பாக்கி வைத்திருக்கும் ஆண்களை ஒவ்வொருவராகச் சாய்க்கிறாள். அடக்கம் என்று நமக்குச் சின்ன வயதிலிருந்து கற்றுக்கொடுக்கப்பட்டதை அவள் சீருடையாக மாட்டிக்கொள்கிறாள். கும்பல்காரர்கள் அவளைச் சந்தேகப்படாததற்குக் காரணம், இப்படி இருக்கும் பெண்ணுக்கு யோசிக்கத் தெரியாது என்ற அவர்களுடைய நம்பிக்கை. அந்த நம்பிக்கைதான் அவளுடைய மூலதனம். பேருந்தில், அலுவலகத்தில், பெண் பார்க்க வருபவர்கள் முன்னால் இதே சீருடையைப் போட்டுப் பழகிய எந்தப் பெண்ணுக்கும் அந்தக் காட்சிகளின் சிரிப்பு உடம்பில் தெரியும்.

ஆனால் பணம் யாருடையது என்ற கேள்வியை இந்தப் படத்திடம் கேட்டுப் பார்த்தேன். கோகிலா குற்றம் செய்வதற்கு முன்னால் படம் எத்தனை அனுமதிச் சீட்டு வாங்கித் தருகிறது என்று எண்ணுங்கள். அம்மாவுக்கு உயிர்போகும் நோய். அப்பாவால் குடும்பத்தைத் தாங்க முடியவில்லை. அண்ணன் தம்பி கிடையாது. நேர்வழியில் கேட்ட சம்பளத்துக்குக் கிடைத்தது பாலியல் தொல்லை. அவள் தொட்ட முதல் சரக்கும் விரும்பித் தொட்டதல்ல. இத்தனையும் சேர்ந்த பிறகுதான் அவளுக்குப் பணத்தை விரும்ப அனுமதி கிடைக்கிறது. அப்போதும் தனக்காக அல்ல, அம்மாவுக்காக.

‘காசேதான் கடவுளடா’வின் இளைஞர்களுக்கு இந்தச் சீட்டு எதுவும் தேவைப்படவில்லை. அவர்களுக்குப் பணம் வேண்டும், அவ்வளவுதான். நாமும் ஏன் என்று கேட்கவில்லை. ஆணின் ஆசை கதைக்குத் தொடக்கமாக இருக்கப் போதுமானது. பெண்ணின் ஆசைக்கு மருத்துவச் சான்றிதழ் வேண்டியிருக்கிறது.

நான் தமிழ் படித்தவள். அகப்பாடல்களில் ஆய்வு செய்தவள். அங்கே ‘பொருள்வயிற் பிரிவு’ என்று ஒரு துறை உண்டு. தலைவன் பொருள் தேடிப் பாலை வழியில் பிரிந்து போவான். தலைவி வீட்டில் காத்திருந்து வாடுவாள். பொருள் தேடிப் போவது ஆணின் பயணம் என்பது அவ்வளவு பழைய ஏற்பாடு. கோகிலாவைப் பார்த்தபோது, இதோ பெண்ணின் பொருள்வயிற் பிரிவு என்று முதலில் எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது. யோசித்தால், அவள் பிரியவே இல்லை. தலைவன் வீட்டை விட்டுவிட்டுப் போனான். இவள் அம்மாவையும் அப்பாவையும் தங்கையையும் வேனில் ஏற்றிக்கொண்டு போகிறாள். பாலையிலும் அவள் வீட்டுப் பொறுப்பிலிருந்து இறங்கவில்லை.

எதிர்வீட்டு மளிகைக்கடைச் சேகராக யோகி பாபு வருகிறார். அவள் விரும்பவில்லை என்று தெரிந்தும் பின்னாலேயே சுற்றுகிறார். அந்தச் சுற்றலுக்கு ஒரு பாட்டு. 2018இல் ஊரெல்லாம் ஒலித்த பாட்டு. மேலாளனின் தொல்லையைக் குற்றமாகக் காட்டும் படம், தெருவில் பின்தொடர்வதை அன்பாகக் காட்டுகிறது. ஒருவன் அதிகாரத்தில் இருக்கிறான், மற்றவன் கோமாளி என்பதுதான் வித்தியாசம். பின்தொடரப்படுகிறவளுக்கு அந்த வித்தியாசம் எவ்வளவு உதவும்? சேகரின் நிறத்தையும் உருவத்தையும் வைத்துச் செய்யப்படும் கேலியும் இதோடு சேர்ந்ததுதான். அந்த ஆணைச் சிரிப்புப் பொருளாக்கினால்தான் அவன் செய்வது ஆபத்தில்லாததாகத் தெரியும். ஒரு வன்முறையை மறைக்க இன்னொரு வன்முறை.

சிரிப்பு மறைக்கும் இன்னொரு விஷயமும் இருக்கிறது. 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டப்படி 100 கிராமுக்கு மேல் கொகெய்ன் வைத்திருந்தாலே அது வணிக அளவு. குறைந்தது பத்து ஆண்டு சிறை, ஜாமீன் கிடைப்பதும் கடினம். கும்பல்கள் ஏழைப் பெண்களைச் சரக்கு தூக்கவைப்பது உலகமெங்கும் நடக்கிறது. பிடிபடுகிறவள் அவள்தான், சரக்கின் சொந்தக்காரனை அவள் பார்த்திருக்கக்கூட மாட்டாள். கோகிலாவின் கதை அந்தப் பெண்களின் கதையாக இருந்திருந்தால் சிரித்திருக்க முடியாது. சிரிக்கத்தான் வேண்டும் என்பதால் படம் அவளைப் பிடிபடாதவளாக்குகிறது. இதை நான் குறையாகச் சொல்லவில்லை. நகைச்சுவைக்கு அந்த உரிமை உண்டு. ஆனால் அவள் தூக்கிச் சென்றது யாருடைய பணம், யாருடைய லாபம் என்று கேட்டால், அவள் உரிமையாளர் அல்ல, சுமப்பவள் என்பது தெரியும். 1972இல் பெண் பணத்துக்குக் குறுக்கே நின்றாள். 2018இல் பணத்தைச் சுமந்தாள். இன்னும் அவளுடையதாக ஆகவில்லை.

5

வீட்டுப் பணம் யாருடையது என்ற கேள்வியை நீதிமன்றங்கள் சிரிக்காமல் கேட்டிருக்கின்றன. 1985இல் பிரதிபா ராணி வழக்கில் உச்ச நீதிமன்றம், மனைவியின் சீதனம் மனைவிக்கே சொந்தம், கணவன் வீட்டார் அதைக் கையாடினால் அது நம்பிக்கை மோசடிக் குற்றம் என்றது. மனைவியின் வளையலைக் கழற்றி அடகு வைக்கும் கணவனை எத்தனை படங்களில் நாம் வேடிக்கையாகப் பார்த்திருக்கிறோம்!

சீதனம் அவள் கொண்டு வந்தது. அவள் உழைத்தது? 2019இல் நடந்த தேசிய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு, சம்பளமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்கு நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடம் செலவழிப்பதாகச் சொல்கிறது. ஆண்களுக்கு 97 நிமிடம். 2023 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றத்தில் ஒரு தீர்ப்பு வந்தது. கணவர் வெளிநாட்டில் உழைத்துப் பணம் அனுப்ப, மனைவி ஊரில் பிள்ளைகளை வளர்த்து, அந்தப் பணத்தில் சொத்து வாங்கியிருந்தார். என் பணத்தில் வாங்கியதை அவள் அபகரிக்கப் பார்க்கிறாள் என்பது கணவர் தரப்பு. வீட்டில் மனைவி உழைத்ததால்தான் கணவரால் சம்பாதிக்க முடிந்தது, எனவே அந்தச் சொத்தில் அவருக்குச் சம பங்கு உண்டு என்றது நீதிமன்றம். திருடி என்று சொல்லப்பட்டவர் பங்குதாரர் என்று ஆனார்.

அதே ஆண்டு செப்டம்பர் 15 முதல் தமிழக அரசு குடும்பத் தலைவிகளுக்கு மாதம் ஆயிரம் ரூபாய் தரத் தொடங்கியது. தொகையைப் பற்றி ஆயிரம் விவாதம் உண்டு. என்னைக் கவர்ந்தது அதன் பெயர்: மகளிர் உரிமைத் தொகை. உதவி என்றோ நிவாரணம் என்றோ சொல்லாமல் உரிமை என்று சொன்னார்கள். அந்தச் சொல்லையும் மேடைகளிலும் மீம்களிலும் எவ்வளவு சீக்கிரம் சிரிப்பாக்கினார்கள் என்று பார்த்தோம். பெண் கையில் காசு வந்தாலே யாருக்கோ சிரிப்பு வருகிறது.

6

அரிசிப் பானைக்குத் திரும்பி வருகிறேன்.

அம்மா அந்தப் பணத்தை எங்கிருந்து எடுத்தாள்? எங்கள் வீட்டில் இரண்டு பசுமாடு இருந்தது. காலை நாலு மணிக்கு எழுந்து சாணி அள்ளி, தீவனம் வைத்து, பால் கறந்து, பதினொரு வீட்டுக்கு ஊற்றினாள். கணக்கு நோட்டு எழுதியது அப்பா. மாதக் கடைசியில் பணம் வாங்கியதும் அப்பா. அதிலிருந்து வீட்டுச் செலவுக்கென்று அவர் கொடுத்ததில்தான் அவள் மிச்சம் பிடித்தாள். அதாவது அவள் உழைத்த பணம் அப்பாவின் கைக்குப் போய், அப்பா கொடுத்த பணமாகத் திரும்பி வந்து, அதில் அவள் ஒதுக்கியது அப்பாவுக்குத் தெரியாத பணமாகி, ஒரு ராத்திரியில் கறுப்புப் பணமாகிவிட்டது. எந்தத் திரைக்கதை ஆசிரியராலும் இவ்வளவு திருப்பங்கள் வைக்க முடியாது.

அப்பா கெட்டவர் இல்லை. அடித்ததில்லை, குடித்ததில்லை. மாட்டுக்கு ஊசி போட வேண்டும் என்றால் லீவு போட்டுக்கொண்டு வருவார். பால் பணம் அம்மாவுடையது என்று அவருக்கு ஒரு நாளும் தோன்றியதில்லை, அவ்வளவுதான். அம்மாவுக்கும் முழுசாகத் தோன்றியிருக்காது. தோன்றியிருந்தால் ஒளித்து வைத்திருக்கமாட்டாள். சிக்கனமாக இருப்பது நல்ல மனைவிக்கு அழகு என்று நம் நீதி நூல்கள் சொல்லிக்கொடுத்தன. சிக்கனத்தில் மிஞ்சியது யாருக்கு என்று அவை சொல்லவில்லை. சிறுவாடு என்ற சொல்லே அந்தச் சொல்லப்படாத இடத்தில் பெண்கள் தாங்களாகக் கட்டிக்கொண்ட ஒரு சின்னத் திண்ணை.

இன்னொன்றையும் நான் சொல்லியாக வேண்டும். என் முனைவர் பட்ட ஆய்வேட்டைத் தட்டச்சு செய்து, கட்டி, பல்கலைக்கழகத்துக்குப் பணம் கட்டும் நேரத்தில் என் கையில் காசு இல்லை. கல்யாணமாகிக் கைக்குழந்தை இருந்த காலம். படித்தது போதும் என்று இரண்டு வீட்டிலும் சொல்லியாகிவிட்டது. அன்றும் அம்மா இதே அரிசிப் பானைக்குள் கையை விட்டாள். என் பெயருக்கு முன்னால் இருக்கும் ‘முனைவர்’ சிறுவாட்டில் வந்தது. குடும்பத்துக்குத் தெரியாமல் குடும்பப் பணத்தில் நடந்த அந்தக் காரியத்தில் நானும் கூட்டாளி. கூட்டாளியாக இருந்தும், 2016 நவம்பரில் அப்பாவோடு சேர்ந்து நான் சிரித்தேன். பெண்ணியம் பாடம் நடத்துகிறவள், பெண்களின் உழைப்பைப் பற்றிக் கவிதை எழுதுகிறவள், அம்மா தலைகுனிந்து நின்ற அடுக்களையில் நின்று சிரித்தேன். நல்ல நகைச்சுவை அவ்வளவு வலியது. யார் பக்கம் நிற்கிறோம் என்று தெரிவதற்குள் உதடு விரிந்துவிடுகிறது.

அதனால்தான் இந்தப் படங்களைப் பார்க்காதீர்கள் என்று நான் யாரிடமும் சொல்லமாட்டேன். பாருங்கள், சிரியுங்கள். சிரித்து முடித்ததும், இந்தச் சிரிப்புக்காக யார் கையிலிருந்து சாவி பிடுங்கப்பட்டது என்று ஒரு தடவை திரும்பிப் பாருங்கள். சித்தி இப்போது இல்லை. அவள் இறந்த அன்று இடுப்புச் சாவியைக் கழற்றிப் பெட்டியைத் திறந்தபோது, சித்தப்பாவின் பழைய கடன் பத்திரங்கள் எல்லாம் தீர்ந்ததற்கான கையெழுத்தோடு அடுக்கி வைக்கப்பட்டிருந்தன. யாரும் சிரிக்கவில்லை. அன்றைக்கு யாரும் அவளை மனோரமா என்றும் சொல்லவில்லை.

அம்மாவின் எழுபத்தேழு தாள்களை என் கணக்கில் போட்டு மாற்றினேன். புதுத் தாளாகக் கொடுத்தபோது வாங்க மறுத்தாள். “ஒன் பேர்லயே கெடக்கட்டும். எல்லாருக்கும் தெரிஞ்சு போச்சுல்லா, இனி அது வீட்டுப் பணம்” என்றாள். சில மாதம் கழித்து அவள் பெயரில் தனிக் கணக்கு தொடங்கி அதில் போட்டேன். பாஸ்புத்தகத்தை வாங்கித் தன் பெயரை விரலால் தடவிப் பார்த்தாள். பிறகு அதையும் அரிசிப் பானைக்குள்தான் வைத்தாள்.

ஒரு தீபாவளிக்குத் தொலைக்காட்சியில் ‘கோலமாவு கோகிலா’ போட்டார்கள். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து முழுசும் பார்த்தாள். யோகி பாபு வரும் இடத்திலெல்லாம் சிரித்தாள். சரண்யாவுக்கு இருமல் வந்தபோது முந்தானையால் தன் வாயைப் பொத்திக்கொண்டாள். படம் முடிந்து எல்லோரும் எழுந்து போன பிறகும் அவள் எழவில்லை.

“ஏட்டி, ஆஸ்பத்திரிக்குப் போக அந்தப் பிள்ளைக்கு மிச்சம் எவ்வளவு இருந்திருக்கும்?”

“தெரியலயேம்மா. படத்துல சொல்லல.”

“இருந்திருக்கும்லா? அத எங்க வச்சிருப்பா?”